தூளியின் தாளம்

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் கரையேறியபோது கட்டுமாவடிக் கடலோரத்தில் ஓடும் கீற்றும் பறந்தன. அந்த இரவைக் கண்ட பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஆனால் அப்பா கடலுக்குப் போயிருக்க, வெளியே காற்று சீறும் இரவுகள் இங்கே தீர்வதில்லை. விளக்கை அணைத்ததும் காது கூர்மையாகும், நெஞ்சு படபடக்கும். பாயில் புரளும் பிள்ளை மூன்றாம் முறையாகத் தண்ணீர் கேட்கும். "ஒண்ணுமில்ல, தூங்கு" என்று எத்தனை தடவை சொன்னாலும் அது அடங்காது, பயம் அப்போது உடம்பில் குடியேறியிருப்பதால். உடம்புக்குப் புரியும்படி பதில் சொல்லும் கருவி ஒன்றை நம் வீடுகள் வெகுகாலமாக விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கின்றன.

பழைய நூல்சேலை ஒன்று, விட்டத்தில் இறுகிய முடிச்சு, துணி மூடிக்கொள்ளாமல் அகட்டிப் பிடிக்க ஒரு தொட்டில் கம்பு: தூளி அவ்வளவுதான். இயற்பியல் கணக்கில் இது ஊசல். ஊசல் ஒருமுறை போய்வரும் நேரத்தை அதன் நீளமே முடிவு செய்கிறது; பிள்ளையின் எடைக்கு அதில் பங்கில்லை. ஒன்றரை, இரண்டு மீட்டர் தொங்கும் தூளிக்கு இரண்டரை முதல் மூன்று விநாடி ஆகும். கையை எடுத்துவிட்டால் வீச்சு சுருங்கிக்கொண்டே வரும், தாளம் மாறாது. இந்த அசைவை உள்காதின் சமநிலை உறுப்பு மூளைக்குச் சொல்கிறது. ஜெனீவா பல்கலைக்கழகத்தின் 2011 ஆய்வில், மெல்ல ஆடும் கட்டிலில் படுத்த 12 பேர், அசையாத கட்டிலில் படுத்ததைவிடச் சீக்கிரம் உறங்கினார்கள். 2019-ல் சுண்டெலிகளை வைத்துப் பார்த்தபோது, உள்காதின் அந்த உணர்வு இல்லாதவற்றுக்கு ஆட்டம் பலன் தரவில்லை.

ஆறு வயதுப் பிள்ளையைத் தூளியில் போடவா முடியும் என்று கேட்கலாம். முடியாது. பச்சிளங்குழந்தையைக்கூட, தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சு தடைபடாதிருக்க, உறங்கியதும் சமமான படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும். வளர்ந்த பிள்ளைக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தூளியின் மாறாத தாளத்தை, அதாவது இரவுதோறும் மாறாத ஒரு வரிசையை. 2009-ல் வெளியான, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் 405 தாய்மார் பங்கேற்ற ஆய்வில், குளியல், தடவிவிடுதல், அமைதியான பொழுது என இரவுதோறும் ஒரே வரிசையைக் கடைப்பிடித்த வீடுகளில் குழந்தைகள் விரைவாக உறங்கின, இரவில் குறைவாக விழித்தன. பெரிய பிள்ளைக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்: கால் கழுவுதல், ஒரு கதை, முதுகில் மெதுவான தட்டல், தினமும் அதே வரிசையில். பக்கத்தில் உட்கார்ந்தால் அதுவே பழக்கமாகிவிடாதா? கையை எடுக்கவே இல்லையென்றால் ஆகும். வரிசையை மாற்றாமல் தட்டலை நாளுக்கு நாள் குறைத்து, பாயோரத்திலிருந்து நிலைப்படிக்கு நகர்ந்து உட்காரலாம். பூச்சாண்டி வருவான் என்று மிரட்டித் தூங்கவைப்பதை மட்டும் அறவே விட்டுவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று பலத்து வீசும் இரவில் பிள்ளை மறுபடி கையைத் தேடினால், தயங்காமல் பாயோரத்துக்கே திரும்பி வந்து உட்காருங்கள்.