அருவ ஓவியம் என்னும் சொல்

தில்லியில் ஜெய்ப்பூர் மாளிகையிலுள்ள தேசிய நவீன கலைக்கூடத்திற்குச் செல்லும் நம்மவர் சிலர், வண்ணப் பரப்பு மட்டுமே காணப்படும் ஒரு படத்தின் முன் நின்று, "இது எதன் படம்?" என்று வினவுவதுண்டு. உடன் வந்தவர், "இது அருவ ஓவியம்" என்பார். உருவமே இல்லாத ஓவியம் போலும் என்றெண்ணிக் கேட்டவர் அப்பால் நகர்ந்துவிடுவார். சொல்லின் பொருள் தெளிவாகியிருப்பின், இன்னும் சிறிது நேரம் அங்கே நின்றிருப்பார்.

'அருவம்' என்பது நம் சமய நூல்களில் வடிவமற்ற நிலையைக் குறிக்கும். ஓவியத்திலோ வடிவம் உண்டு. கோடும் வண்ணமும் உண்டு. நாம் அறிந்த ஒரு பொருளின் சாயல் மட்டுமே இல்லை. 'ஆப்ஸ்ட்ராக்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்திற்கு 'விலக்கி எடுத்தல்' என்பது பொருள். டச்சு ஓவியர் மோந்திரியான் 1911, 1912ஆம் ஆண்டுகளில் மரங்களைத் தீட்டியபோது, விவரங்களைப் படிப்படியாக நீக்கி, கிளைகளின் வளைகோடுகளையே எஞ்சவிட்டார். அவற்றுக்கு இப்பெயர் முற்றும் பொருந்தும்.

ஆனால், 1915இல் பெத்ரோகிராது நகரில் மாலெவிச் காட்சிக்கு வைத்த கருஞ்சதுரம் எப்பொருளிலிருந்தும் விலக்கி எடுக்கப்பட்டதன்று. 1924இல் நாகபுரியில் பிறந்து, பம்பாயில் பயின்று, பிற்காலத்தில் தில்லியில் வாழ்ந்து, 2001இல் மறைந்த ஓவியர் வி. எஸ். காய்தோண்டே, தம் படைப்புகளை 'ஆப்ஸ்ட்ராக்ட்' என்று அழைப்பதை ஏற்கவில்லை. தமிழில் 'பொருள்சாரா ஓவியம்' எனத்தக்க பெயரையே அவர் விரும்பினார். ஆகவே, 'அருவ ஓவியம்' என்பதைப் பொதுப்பெயராகவும், 'பொருள்சாரா ஓவியம்' என்பதை அதன் ஒரு வகையாகவும் கொள்வது தெளிவு தரும்.

இவ்வகை வடிவம் நமக்குப் புதிதன்று. கரோல்பாகிலும் மாதுங்காவிலும் தமிழர் இல்ல வாயில்களில் இடப்படும் சிக்குக் கோலத்தை நோக்குங்கள். "இது எதன் படம்?" என்று அதனை எவரும் வினவுவதில்லை. கோடு பிசகாமல் சேர்ந்ததா, புள்ளிகள் யாவும் அடங்கினவா, இருபுறமும் ஒத்துள்ளனவா என்றே பார்க்கிறோம். கோலத்தின் நோக்கம் வேறு, ஓவியத்தின் நோக்கம் வேறு. எனினும், பார்க்கும் கண் ஒன்றே.

அடுத்த முறை கலைக்கூடம் செல்லும்போது அக்கண்ணையும் உடன் கொண்டு செல்லுங்கள். எதன் படம் என்னும் வினாவைச் சற்றே ஒதுக்கி, எவ்வண்ணம் எதனோடு இசைகிறது, எங்கே கண் தங்குகிறது என்று நோக்குங்கள். அதன்பின் அவ்வோவியம் பிடிக்கவில்லையாயினும் குறையில்லை. அது பார்த்தபின் கூறிய தீர்ப்பாகும்.