கட்டத்தாளில் ஒரு விண்கப்பல்

தங்காக் துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள பெரிய கடை ஒன்றினுள் நுழைந்தால் அகன்ற கூடமும் பளிச்சிடும் விளக்குகளும் அடுக்கடுக்கான துணிச்சுருள்களும் கண்ணில் படும். பின்புறத்தில் இருக்கும் குறுகலான கதவை நாம் கவனிப்பதில்லை. அதற்கு அப்பால்தான் சரக்கு அறையும் ஊழியர்கள் உணவு உண்ணும் மேசையும் இருக்கும். அந்தக் கதவு இல்லாவிட்டால் கடை ஒரு நாள்கூட ஒழுங்காக நடக்காது. சொகுசு விண்கப்பல் ஒன்றை வரைய விரும்புவோர் முதலில் இத்தகைய கதவுகளைக் கவனிக்கப் பழக வேண்டும்.

விண்கப்பலை ஏன் வரைய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பாத்திரமேற்று விளையாட்டில், நால்வர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை வளர்ப்பர். ஒருவர் நடத்துநராக இருப்பார். ஐயமான இடங்களில் பகடை முடிவு சொல்லும். “நான் சமையலறைக்கு ஓடுகிறேன்” என்று ஒருவர் கூறியவுடன், அது எந்தப் பக்கம், எவ்வளவு தொலைவு, இடையில் பூட்டிய கதவு உண்டா என்பதை நடத்துநர் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் தளவரைபடம். 1977ஆம் ஆண்டில் அமெரிக்கரான மார்க் மில்லர் உருவாக்கிய ‘டிராவலர்’ என்னும் விளையாட்டு இம்முறையைப் பரவலாக்கியது. அதன் வரைபடங்களில் ஒரு கட்டம் ஒன்றரை மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்டது.

அவ்விளையாட்டின் கணக்குப்படி, ஒரு பயணிக்கு ஏறத்தாழ எட்டுக் கட்டங்கள் ஒதுக்கப்படும். அவற்றில் பாதிதான் அவருடைய அறை. மீதிப் பாதி நடைபாதை, உணவுக்கூடம், ஓய்வுக்கூடம் போன்ற பொது இடங்களுக்குப் போய்விடும். இருபது பயணிகள் என்றால் மொத்தம் 160 கட்டங்கள்; பொது இடத்துக்கு 80 கட்டங்கள். அதாவது 180 சதுர மீட்டர். இரண்டு பூப்பந்து ஆடுகளங்களைவிடச் சற்றே பெரிய பரப்பு, அவ்வளவுதான்! முதன்முறை வரையும் மாணவர்கள் பெரும்பாலும் நீச்சல் குளத்தையும் நடனக் கூடத்தையும் வரைந்து முடித்துவிட்டு, சமையலறைக்கு இடமில்லாமல் திகைப்பார்கள். இது நல்ல திகைப்பு. அழிப்பானைக் கையில் எடுத்த பிறகுதான் வடிவமைப்பு தொடங்குகிறது.

இந்த விளையாட்டில் பயணச்சீட்டுகள் மூன்று வகைப்படும். மேல்வகுப்புப் பயணிக்குத் தனியறையும் பணியாளரின் கவனிப்பும் உண்டு. எட்டுப் பேருக்கு ஒரு பணியாளர் என்பது விதி. நடுவகுப்புப் பயணிக்கு அறை மட்டும் கிடைக்கும். மிகக் குறைந்த கட்டணம் செலுத்துபவரை உறைநிலைத் துயிலில் ஆழ்த்திப் பேழைக்குள் அடைத்துவிடுவர். பயண முடிவில் அவர் உயிருடன் எழுவாரா என்பதைப் பகடைதான் தீர்மானிக்கும்.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. நம் முன்னோர் பலர் இந்நாட்டிற்கு வந்த கப்பல்களிலும் இத்தகைய பாகுபாடு இருந்தது. 1926இல் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் அதற்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி இருந்தது. அறைகளில் பயணம் செய்தோர் மிகச் சிலரே. மற்றவர்கள் பாயை விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, கடற்காற்றிலும் நெரிசலிலும் நாள்களைக் கழித்தனர். அக்கப்பலின் வரைபடத்தில் அவர்களுக்கென்று தனி அறைகள் கிடையா. இருந்தது திறந்த பரப்பு மட்டுமே. யாருக்குச் சுவர் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை வரைபடமே காட்டிவிடும்.

உண்மையான விண்கலங்களில் இடம் இன்னும் அரிது. 1973இல் அமெரிக்கா ‘ஸ்கைலாப்’ விண்வெளி நிலையத்தை ஏவியது. அதன் உள்ளமைப்புக்கு ஆலோசனை கூறியவர் ரேமண்ட் லோவி என்னும் வடிவமைப்பாளர். வீரர்கள் வெளியே பார்க்க ஒரு சன்னல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். சன்னல் வைத்தால் கலத்தின் உறுதி குறையுமே என்பது பொறியாளர்களின் கவலை. இறுதியில் சன்னல் வைக்கப்பட்டது. ஓய்வு நேரத்தில் பூமியைப் பார்ப்பதே வீரர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்காக அமைந்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி உண்ண ஒரு பொது மேசையும் இருந்தது. மூன்று இடங்களும் சமமானவை. தலைமை இருக்கை என ஒன்று இல்லை. விலையுயர்ந்த பொருள் எதுவும் அந்த மேசையில் இல்லை. ஆனாலும் என்னைக் கேட்டால், விண்வெளியில் அதைவிடப் பெரிய சொகுசு வேறில்லை என்பேன்.

மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாஃபார் 2007ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அனைத்துலக விண்வெளி நிலையத்திற்குப் புறப்பட்டார். அது நோன்பு மாதம். அந்நிலையம் ஒரு நாளில் பூமியைப் பதினாறு முறை சுற்றுகிறது. அப்படியானால் தொழுகை நேரத்தை எப்படிக் கணிப்பது? எடையற்ற நிலையில் எப்படித் தொழுவது? இவற்றுக்கு நம் நாட்டில் வழிகாட்டி நூல் ஒன்று தயாரிக்கப்பட்டது. மலேசியர்கள் பயணம் செய்யும் கற்பனைக் கப்பலை வரையும்போது, சூராவும் பூசையறையும் எங்கே அமையும், ஹலால் உணவுக்கும் மரக்கறி உணவுக்கும் தனித்தனி அடுப்பு வேண்டுமா என்ற கேள்விகள் இயல்பாகவே எழும்.

இப்போது உங்கள் கட்டத்தாளுக்குத் திரும்புங்கள். இருபது மேல்வகுப்புப் பயணிகளுக்கு மூன்று பணியாளர்கள் தேவை. அவர்கள் எங்கே உறங்குவர்? சமையலறையிலிருந்து உணவுக்கூடத்திற்கு எந்த வழியாக வருவர்? பயணிகள் நடமாடும் அதே பாதையா, சுவருக்குப் பின்னால் செல்லும் தனிப் பாதையா? தனிப் பாதை என்றால், தீப்பிடிக்கும் நேரத்தில் அதிலிருந்து வெளியேற இரண்டாவது கதவு உண்டா? உறைநிலைப் பேழைகளை இயந்திர அறைக்கு அருகில் வைத்திருந்தால், அங்குள்ளவர்களை எழுப்ப யார் ஓடிவருவார்? ஓய்வுக்கூடத்தில் பன்னிரண்டு கட்டங்களை அழித்தால், பணியாளர் மூவருக்கும் ஓர் அறையும் வட்டமான ஒரு சன்னலும் வரைய இடம் கிடைக்கும்.