வருதலும் தருதலும்: ஆங்கில வினைகள் இரண்டும் யாழ்ப்பாண வழக்கும்

ஆங்கிலத்தில் பெருவழக்குடைய வினைகளுள் 'கம்', 'கிவ்' என்பன இரண்டு. முன்னையதற்கு 'வா' எனவும் பின்னையதற்குக் 'கொடு' எனவும் பொருளுரைத்து அமைவது பள்ளி வழக்கு. ஆயின் பேசுவோன், கேட்போன் ஆகியோரின் இடத்தை நோக்கும் முறையில் இவ்விரு வினைகளும் ஒன்றற்கொன்று வேறானவை.

'கம்' என்பது பேசுவோனை நோக்கிய இயக்கத்தை மட்டுமன்றிக் கேட்போனை நோக்கிய இயக்கத்தையும் குறிக்கும். 1971இல் சார்ள்ஸ் பில்மோர் சாந்தா குரூசில் நிகழ்த்திய விரிவுரைகள் இதனை விரிவாக ஆராய்ந்தன. 'நாளைக்கு உங்கடை வீட்டை வாறன்' என்னும் யாழ்ப்பாணத்து வழக்கும் இவ்வகையினதே. யப்பானிய மொழியிலோ அவ்விடத்தில் 'போ' என்னும் பொருளுடைய வினையே வழங்கும்.

'கிவ்' என்பதற்கு இத்தகைய இடவரையறை இல்லை. பெறுபவர் யாராயினும் வினை ஒன்றே. யாழ்ப்பாணப் பேச்சிலோ 'எனக்குத் தா', 'உனக்குத் தாறன்' என்பன ஒருபுறமும், 'அவனுக்குக் குடு' என்பது மறுபுறமுமாக நிற்கும். எழுத்து வழக்கில் தளர்ந்துள்ள இவ்வேறுபாட்டைப் பேச்சு பேணி வருகிறது. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலை ஆகிய இடங்களுக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வகுத்துள்ளது. வித்துவசிரோமணி சி. கணேசையரின் குறிப்புகளோடு 1938இல் சுன்னாகத்தில் அச்சேறிய சொல்லதிகாரச் சேனாவரையத்தில் இப்பகுதி ஒப்புநோக்கற்பாலது.

அந்நூலின் எச்சவியல் இன்னொரு பாகுபாட்டையும் கூறுகின்றது. ஒன்றை வேண்டிக் கேட்குமிடத்து இழிந்தோன் 'ஈ' என்றும், ஒப்போன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் கூறுவர். படர்க்கைக்குரிய 'கொடு' உயர்ந்தோன் வாயில் தன்மைக்கண் வருவதேன்? அவன் தன்னைப் பிறன்போலக் கூறும் குறிப்பினால் என்பது அந்நூல் தரும் விளக்கம். இடத்தின் தொலைவு இங்கே தகுதியின் தொலைவாகின்றது.

இவ்விரு பாகுபாடுகளுள் இடம் பற்றியது யாழ்ப்பாணப் பேச்சில் நிலைத்துள்ளது. தகுதி பற்றியது வினையடியிலிருந்து மறைந்துவிட்டது. இரப்போனும் இன்று 'ஈ' என்பதில்லை. இதனைக் கொண்டு சமூக ஏற்றத்தாழ்வு மொழியை விட்டு நீங்கியது எனக் கொள்வது பிழை. 'தா', 'தாரும்', 'தாங்கோ' என்னும் வடிவங்களை நோக்குக. வினையடி ஒன்றே, ஈறுகளே பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் உள்ள உறவைக் காட்டுகின்றன. மூன்று வினைகள் சுமந்த வேறுபாட்டை இன்று ஒரே வினையின் ஈறுகள் சுமக்கின்றன.

எனவே ஏவலாக வரும் 'கிவ்' என்னும் ஒரு சொல்லைத் தமிழாக்குவோன், பெறுபவர் யார், உரையாடுவோரிடையே உள்ள உறவு யாது என்னும் இரண்டையும் துணிந்த பின்னரே எழுத இயலும். ஆங்கிலம் சொல்லாமல் விடும் இவற்றைத் தமிழ் சொல்லியே ஆகவேண்டும். நம் சமூக உறவுகளை மொழிவழி ஆராய்வோர் சொற்பட்டியலோடு நின்றுவிடாது, வினையீறுகளையும் நுணுகி நோக்குதல் வேண்டும்.