காபி இயந்திரமும் கடன் தவணையும்

தொழிலுக்காக வாங்கப்படும் எந்த இயந்திரத்திற்கும் இருவகைத் தேய்மானங்கள் உண்டு. ஒன்று, கணக்கேட்டில் நாம் எழுதுவது. வருமான வரி விதிகளின்படி பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் என, குறைந்துசெல்லும் மதிப்பின்மீது அது கணக்கிடப்படுகிறது. மற்றொன்று, தொழில் நடைபெறும் இடத்தில் உண்மையாகவே நிகழ்வது. முன்னது எல்லோருக்கும் ஒன்றே; பின்னதோ, இயந்திரத்தைக் கையாளுபவரின் அன்றாடப் பழக்கத்தைப் பொறுத்தது. இந்த வேறுபாட்டை வணிகப் பயன்பாட்டிற்குரிய எஸ்பிரசோ இயந்திரத்தில் மிகத் தெளிவாகக் காணலாம்.

நாட்டின் பல பகுதிகளில் திருமண விருந்துகளில் 'எஸ்பிரசோ' என்ற பெயரில் வழங்கப்படுவது, நீராவியால் நுரைக்கவைத்த பால் காபியாகும். நாம் இங்கே கருதுவது அதனையன்று. இளம் தொழில்முனைவோர் பலர் காபியகம் தொடங்குவதற்காகக் கடன் பெற்று வாங்கும், பல லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள இயந்திரத்தையே.

அழுத்தமும் வெப்பமும்

மிலான் நகரைச் சேர்ந்த லூயிஜி பெட்சேரா 1901ஆம் ஆண்டு நீராவி அழுத்தத்தால் இயங்கும் காபி இயந்திரத்திற்குக் காப்புரிமை கோரினார். 1961ஆம் ஆண்டு ஃபேமா நிறுவனம் அறிமுகப்படுத்திய ஈ61 என்னும் இயந்திரத்தில் மின்விசைப் பம்பு இடம்பெற்றது. இன்றைய இயந்திரங்கள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே. ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில், 90 முதல் 96 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் காபித்தூளின் ஊடே அரை நிமிடத்திற்குள் செலுத்தப்படுகிறது. காபியின் எண்ணெய்ப்பசையும் நுண்துகள்களும் ஒவ்வொரு கோப்பையின்போதும் உட்பாகங்களில் சிறிதளவு ஒட்டிக்கொள்கின்றன. துடைக்காவிடில் அவை வெப்பத்தில் கருகிக் கெட்டிப்படும். முதலில் கெடுவது சுவை. அடுத்து அடைபடுவது வால்வு.

ஓர் எளிய கணக்கு

எடுத்துக்காட்டாக, 5 லட்சம் ரூபாய்க் கடனை 11 சதவீத வட்டியில் 60 மாதங்களில் திருப்பிச் செலுத்துவதாகக் கொள்வோம். மாதத் தவணை சுமார் 10,871 ரூபாய். நாளொன்றுக்கு 80 கோப்பைகள் விற்று, கோப்பைக்கு 60 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால் ஒருநாள் வரவு 4,800 ரூபாய். இயந்திரம் மூன்று நாள்கள் நின்றால் இழப்பு 14,400 ரூபாய். அது ஒரு மாதத் தவணையைவிட அதிகம். பழுதுநீக்கும் செலவு இதற்கு மேற்பட்டது. நாள்தோறும் கால்மணி நேரத் துப்புரவுப் பணியின் மதிப்பை இக்கணக்கே உணர்த்தும்.

நீரே முதல் எதிரி

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. ஆயினும், குடிக்கத் தகுந்த நீரெல்லாம் பாய்லருக்குத் தகுந்த நீரன்று. கடினநீர் கொதிக்கும்போது அதிலுள்ள சுண்ணாம்பு உப்பு பாய்லரின் சுவரிலும் வெப்பமூட்டும் கம்பியிலும் படிகிறது. அப்படிவு வெப்பம் நீரைச் சென்றடையாமல் தடுப்பதால் மின்செலவு கூடும், கம்பியும் எரிந்துபோகும்.

நாங்கள் கடனுதவி செய்த பெங்களூரு வாடிக்கையாளர் ஒருவரின் அனுபவம் இங்கு நினைவுகூரத் தக்கது. கிழக்குப் புறநகரில், ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரித் தண்ணீரையும் நம்பிக் காபியகம் நடத்தி வந்தார் அந்த அம்மையார். நீர் மென்மையாக்கும் கருவியைப் 'பிறகு பார்க்கலாம்' என்று ஒத்திவைத்திருந்தார். இரண்டாம் ஆண்டில் வெப்பமூட்டும் கம்பி எரிந்தது. உதிரிபாகம் வந்துசேர ஒன்பது நாள்கள் ஆயின. வியாபாரம் நின்றது, வாடகையும் இரு பணியாளர்களின் ஊதியமும் நிற்கவில்லை. இரண்டு தவணைகள் நிலுவையாயின. நிலுவை 90 நாள்களைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்கு முன்னரே அவர் கிளைக்கு வந்து நிலைமையை விளக்கியதால் கணக்கைச் சீர்செய்ய வழி பிறந்தது. கருவியை முதலிலேயே பொருத்தியிருந்தால் அந்த அலைச்சலுக்கே இடமிருந்திராது.

அதற்காக, எதிர் சவ்வூடுபரவல் முறையில் முற்றிலும் சுத்திகரித்த நீரை அப்படியே பயன்படுத்துவதும் நன்றன்று. உப்பே இல்லாத நீர் உலோகத்தை அரிக்கக்கூடும். பாய்லரின் நீர்மட்டத்தை மின்கடத்தல் வழியே உணரும் முனையும் அத்தகைய நீரைச் சரிவர அறியாது. எனவே, நீரைப் பரிசோதித்து, அளவாக மென்மையாக்குவதே முறை. மென்மையாக்கும் கருவியிலுள்ள ரெசினுக்கு உரிய காலத்தில் உப்பிட்டுப் புத்துயிரூட்டவும் மறவாதீர்கள்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

பால் நுரைத்தவுடன் நீராவிக் குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி நீராவியை வெளியேற்றுதல் வேண்டும். தவறினால், குழாய் குளிரும்போது பால் உள்ளே இழுக்கப்பட்டு அழுகும். இதற்கெனத் தனித் துணி ஒதுக்குவது நலம். ஒவ்வொரு கோப்பைக்கும் பிறகு பயன்படுத்திய தூளை அகற்றி, குரூப் ஹெட் வழியே சிறிது நீர் ஓடவிடலாம்.

இரவில் கடையடைக்கும்போது 'பேக்ஃப்ளஷ்' எனப்படும் எதிரோட்டக் கழுவல் இன்றியமையாதது. துளையற்ற வடிகட்டிக் கிண்ணத்தில், இயந்திரத்திற்கென விற்கப்படும் துப்புரவுத் தூளை அதன் உறையில் குறித்த அளவு இட்டு, கைப்பிடியைப் பூட்டிப் பத்து நொடி இயக்கிப் பத்து நொடி நிறுத்த வேண்டும். இவ்வாறு ஐந்து முறை செய்தபின், தூளின்றி வெறும் நீரால் அதையே ஐந்து முறை திரும்பச் செய்தல் வேண்டும். கழிவு வால்வு இல்லாத நெம்புகோல் வகை இயந்திரங்களுக்கு இம்முறை பொருந்தாது. இறுதியாக, சொட்டுத்தட்டைக் கழுவி, கழிவுக் குழாயில் ஒரு குவளை வெந்நீர் ஊற்றினால் அடைப்பு நேராது.

வாரந்தோறும் ஷவர் ஸ்கிரீன் எனப்படும் துளைத்தகட்டைக் கழற்றி ஊறவைத்துத் தேய்ப்பதும், கிரைண்டரின் கொட்டைக் கலத்தைத் துடைப்பதும் நல்லது. கிரைண்டரின் அரைக்கும் பகுதியில் நீர் படவே கூடாது. கைப்பிடியின் ஓரத்தில் நீர் கசிந்தால் ரப்பர் கேஸ்கெட் இறுகிவிட்டது என்பது பொருள். விலை குறைந்த அப்பாகத்தை உடனே மாற்றுக.

பாய்லரில் படிந்த உப்பை அகற்றுவதையும் பாதுகாப்பு வால்வைச் சோதிப்பதையும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரிடமே விட வேண்டும். பெயர்ந்த உப்புத்துண்டு குறுகிய குழாயை அடைத்துக்கொள்ளும். அழுத்தத்தில் இயங்கும் கலத்தில் விளையாட்டு ஆகாது.

கடன் பெறுவோர் கவனத்திற்கு

இயந்திரத்தின் விலைப்பட்டியல் பெறும்போதே நீர் மென்மையாக்கும் கருவியின் விலையையும் சேர்த்துத் திட்ட மதிப்பீடு தயாரியுங்கள். பிற்பாடு கையிருப்பிலிருந்து செலவிடுவதினும் இது எளிது. உதிரிபாகமும் பழுதுநீக்குநரும் உங்கள் ஊரில் எத்தனை நாளில் கிடைப்பர் என்பதை விற்பனையாளரிடம் எழுத்துவழிக் கேட்டறியுங்கள். காப்பீடு அவசியமே; எனினும், உப்புப் படிவு, சாதாரணத் தேய்மானம் போன்ற படிப்படியான சேதங்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக ஈடுசெய்வதில்லை. ஆகவே, மாதந்தோறும் ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கெனத் தொடர் வைப்புக் கணக்கில் ஒதுக்குவது விவேகம்.

பணியாளர் மாறினாலும் பழக்கம் மாறாதிருக்க, அன்றாடப் பணிகளை ஒரு தாளில் எழுதி இயந்திரத்தின் அருகே ஒட்டி, செய்தவர் கையொப்பமிடுமாறு பணியுங்கள். இயந்திரத்தைப் பின்னாளில் விற்க நேர்ந்தாலும் அந்தத் தாள்களின் கட்டு அதன் விலையை உயர்த்தும். எதிர்பாராமல் பழுது நேர்ந்து தவணை தாமதமாகும் என்று தோன்றினால், தவணை நாளுக்கு முன்பே கிளைக்கு வாருங்கள். இயந்திரத்தைப் போலவே கடன் கணக்கிலும் சிறு கசிவை உடனே கவனித்தால் பெரும் பழுதைத் தவிர்க்கலாம்.