புறுபுறுக்கும் நத்தார்த் தாத்தா

நத்தார்த் தாத்தா என்றதும் எமது பிள்ளைகள் வரைவது சிவப்பு உடுப்பு, வெள்ளைத் தாடி, சிரித்த முகம். 1931ஆம் ஆண்டு முதல் கொக்கா கோலா விளம்பரங்களில் வந்த படங்கள் இந்த உருவத்தை உலகெங்கும் பரப்பின. இந்தத் தாத்தாவுக்குக் களைப்பும் இல்லை, கோபமும் இல்லை. பொதிகளைச் சுமப்பது ஒரு வேலை என்பதே படத்தில் தெரிவதில்லை.

இதற்கு மாறான ஒரு தாத்தாவை இங்கிலாந்தின் ஓவியர் றேமண்ட் பிறிக்ஸ் (1934 - 2022) படைத்தார். 1973இல் வெளிவந்த அவரது ‘ஃபாதர் கிறிஸ்மஸ்’ என்ற சிறுவர் படக்கதை, அந்த ஆண்டுக்கான கேட் கிறீனவே பதக்கத்தைப் பெற்றது. சிறுவர் நூல்களின் ஓவியங்களுக்காக இங்கிலாந்தில் வழங்கப்படும் முக்கிய விருது அது.

கதை சிறியது. டிசம்பர் 24. வெயில் காலத்தைக் கனவு கண்டுகொண்டிருக்கும் தாத்தாவை மணிக்கூடு எழுப்புகின்றது. வெளியே பனி. புறுபுறுத்தபடி எழும்புகிறார். தேநீர் போடுகிறார், விலங்குகளுக்குத் தீன் வைக்கிறார், வண்டியில் பொதிகளை ஏற்றிப் புறப்படுகிறார். புகைக்கூண்டுகளில் இறங்கிக் கரி பூசிக்கொள்கிறார். வெளிச்சவீட்டுக்கும் போகிறார், அரண்மனைக்கும் போகிறார். வேலை முடிந்து வீடு திரும்பி, குளித்து, தனக்குத் தானே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார்.

ஓவியங்கள் பக்கம் பக்கமாக அல்லாமல், பெரிதும் சிறிதுமான கட்டங்களாக வரையப்பட்டுள்ளன. அடுப்பு, கேத்தில், கட்டில், சப்பாத்து என ஓர் ஏழைத் தொழிலாளியின் வீட்டுப் பொருட்கள் எல்லாம் அவற்றில் உள்ளன. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவர்களும் கட்டத்துக்குக் கட்டம் கதையைப் பின்தொடரலாம்.

மொழியும் அப்படியே. கதை சொல்பவர் என்று எவரும் இல்லை. பெரும்பாலும் தாத்தா தனக்குள் முணுமுணுப்பதே எழுத்தில் வருகின்றது. குளிர், பனி, புகைக்கூண்டு எல்லாவற்றுக்கும் முன்னால் ‘புளூமிங்’ என்ற சொல்லைப் போட்டு ஏசுகிறார். இங்கிலாந்தின் சாதாரண மக்கள் வாயில் வரும் மென்மையான ஏச்சு அது. நூற்றமிழில் அதற்கு ஒரு சொல் தேடினால் கிடைக்காது. எமது வீடுகளில் “விசர்க் குளிர்”, “அறுந்த பனி” என்போமே, அதுதான்.

பிறிக்ஸின் தகப்பனார் லண்டனில் வீடு வீடாகப் பால் கொடுத்து வந்தவர். இருட்டோடு எழும்பி, மழையிலும் பனியிலும் வாசல் வாசலாகப் போகும் தொழில். நத்தார்த் தாத்தாவின் வேலையும் அதுவே அல்லவா! தாய், தகப்பன் இருவரையும் பிறிக்ஸ் 1971இல் இழந்தார். 1973இல் மனைவியும் இறந்தார். அந்த ஆண்டில் வெளிவந்த நூலில்தான் இந்த உழைக்கும் கிழவர் இருக்கிறார்.

நன்கொடைப் பொதி ஒன்றில் வந்த இந்நூலை எமது முன்பள்ளித் தாய்மாருடன் இருந்து பார்த்தேன். நான் ஆங்கிலத்தை விளங்கப்படுத்தத் தொடங்குமுன்பே அவர்கள் படங்களைப் பார்த்துக் கதை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். “இந்த மனுசனும் என்னை மாதிரித்தான் மிஸ். விடிய எழும்பிப் புறுபுறுத்துக்கொண்டு போகுது. ஆனா ஒரு வீட்டையும் விடேல்லை” என்றார் கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய்.

இன்னொருவர் தாத்தா மது அருந்தும் படத்தில் விரலை வைத்து, “இது பிள்ளையளுக்குத் தேவையோ?” என்று கேட்டார். குடியால் குலைந்த குடும்பங்களை அறிந்தவர்களின் நியாயமான கேள்வி அது. அந்தப் படத்தை மறைக்காமல், அதைப் பற்றிப் பிள்ளையுடன் கதைக்கலாம் என்பதே என் கருத்து. ஆண் ஒருவர் தானே தேநீர் போட்டு, தானே சமைப்பதையும் அதே நூல் காட்டுகின்றது. ஆண் பிள்ளைகளுக்கு அதையும் சுட்டிக்காட்டலாம்.

பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்களில் மார்கழி ஒரு கடினமான மாதம். “ஏன் எங்கட வீட்டுக்குத் தாத்தா வரேல்லை?” என்று பிள்ளை கேட்கும். சிரிக்கும் தாத்தாவை மட்டுமே அறிந்த பிள்ளை, தான் நல்ல பிள்ளை இல்லை என்றோ, தன்னில் அன்பு இல்லாததால் அம்மா ஏசுகிறா என்றோ எண்ணிவிடக்கூடும். பிறிக்ஸின் தாத்தாவைப் பார்த்த பிள்ளைக்கு வேறொன்று விளங்கும். கொடுப்பவர்களுக்கும் நாரி நோகும், அவர்களும் புறுபுறுப்பார்கள், ஆனாலும் அன்பு குறைவதில்லை.

சகோதரிகளே, இந்நூல் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆறு கட்டங்கள் கீறுங்கள். நீங்கள் எழும்பும் நேரத்திலிருந்து படுக்கும் நேரம் வரையான ஒரு நாளைப் பிள்ளையைக் கொண்டே வரைவியுங்கள். என்ன சொல்லிப் புறுபுறுப்பீர்கள் என்பதையும் உங்கள் பேச்சு மொழியிலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளை எதை வரைகிறது, எதை விடுகிறது என்று பாருங்கள். விட்டுப்போனதைப் பற்றி அன்றிரவு இருவரும் இருந்து கதையுங்கள்.