கடை மின்னஞ்சலுக்கு எத்தனை சாவி?

வேலையை விட்டு நின்றவரிடம் கடைச் சாவியை யாரும் விட்டுவைப்பதில்லை. ஆனால், நம்மவர் நடத்தும் பல சிறு நிறுவனங்களில் மின்னஞ்சலின் மறைச்சொல் முதலாளி, கணக்கர், கல்லாவில் இருப்பவர், போன வருடமே நின்றுவிட்ட பையன் என நான்கைந்து பேருக்குத் தெரியும். சில இடங்களில் அது கணினித் திரையின் ஓரத்திலேயே ஒட்டப்பட்டிருக்கும்.

இப்படி வெளியே கசிந்த மறைச்சொல்லோடு நுழையும் மோசடிக்காரர் பெரும்பாலும் உடனே கைவரிசையைக் காட்டுவதில்லை. கடிதங்களைப் படித்தபடி காத்திருப்பார். சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் இன்வாய்ஸ் வரும் சமயத்தில், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று அதே நடையில் ஒரு கடிதம் வரும். அனுப்பியவர் முகவரியில் ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நிற்கலாம். அவசரத்தில் அது கண்ணில் படாது.

பலர் கவனிக்காதது, கடிதங்களைத் தானாகத் திருப்பி அனுப்பும் விதி. 'இன்வாய்ஸ்' என்ற சொல் வரும் கடிதம் எல்லாம் தமக்கும் வந்து சேரும்படி, உள்ளே நுழைந்தவர் அமைப்புப் பகுதியில் ஒரு விதியை எழுதி வைத்துவிடுவார். பிறகு மறைச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஆகவே மறைச்சொல்லை மாற்றும்போதே 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்' இரண்டையும் திறந்து பார்த்து, தெரியாத முகவரி இருந்தால் நீக்க வேண்டும். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் கட்டளையையும் கொடுத்துவிட வேண்டும்.

கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365 போன்ற வணிகச் சேவைகளில் ஆளுக்கொரு கணக்கு கொடுக்கலாம். விற்பனைக்கான பொது முகவரியைக்கூட, அதன் மறைச்சொல்லைச் சொல்லாமலே இருவர் மூவர் பார்க்கும்படி செய்ய முடியும். ஒருவர் வேலையை விட்டால் அவர் கணக்கை மட்டும் முடக்கினால் போதும். நிர்வாகிக் கணக்கை முதலாளி தனியே வைத்துக்கொள்வது நல்லது. அன்றாடக் கடிதங்களை அதில் திறக்கக் கூடாது.

இரண்டடிச் சரிபார்ப்பும் அவசியம். அதற்கு எஸ்எம்எஸ் எண்ணைவிடக் கைப்பேசிச் செயலி பாதுகாப்பானது. வங்கிகள் எஸ்எம்எஸ் வழி வரும் ஒருமுறை எண்ணிலிருந்து மாற வேண்டும் என்று பேங்க் நெகாரா 2022-லேயே அறிவித்தது.

கணக்கு எண் மாறியதாகக் கடிதம் வந்தால் தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல, முன்பு பேசிப் பழகிய எண்ணுக்கு.

பணம் போய்விட்டது தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு காலம் கடத்த வேண்டாம். உடனே வங்கியையோ, 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண்ணையோ அழைத்துவிட்டு, போலீஸ் புகாரையும் செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிவிட்டால் மீட்பது கடினம்.