பழைய ஸில்வர் ஷாடோவைப் புதுப்பித்தல்

பழைய மோட்டார் வண்டிகளை விரும்பி வாங்கிச் செப்பனிடுவோர் இங்கிலாந்தில் பலர் உளர். அவர்கள் கண்ணில் அடிக்கடி படும் விளம்பரம் ஒன்றுண்டு. ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியார் செய்த ஸில்வர் ஷாடோ வண்டி. பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்றது. சிறிது வேலை செய்தால் ஓடும் என்பதே அதன் சாரம். கேட்கும் கிரயமோ, புதிதாக விற்கும் சாதாரண வண்டியின் விலையினும் மிகக் குறைவு. செல்வர்க்கே உரியதாயிருந்த வாகனம் இத்துணை மலிவாகக் கிடைப்பது எதனால் என்பதை, தம் சேமிப்பை அதில் இடக் கருதுவோர் முதலில் அறிதல் நன்று.

இவ்வண்டி 1965-ஆம் ஆண்டில் வெளிவந்தது. குரூ நகரத்துத் தொழிற்சாலையில் 1980 வரை 25,000-க்கு மேல் செய்யப்பட்டன. எனவே இஃது அரும்பொருளன்று. இதற்கு முந்திய ஸில்வர் கிளௌடு முதலிய வண்டிகளில் உறுதியான எஃகுச் சட்டமொன்று அடியிலிருந்து பாரத்தைத் தாங்கிற்று. உடல் அதன்மேல் அமர்ந்தது. ஸில்வர் ஷாடோவிலோ அவ்வாறு முழுநீளத் தனிச்சட்டம் இல்லை. எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து ஆக்கிய உடலே பாரத்தையும் தாங்குகின்றது. ஆகவே, முந்திய வண்டியின் உடலில் துரு ஏறினால் அது தோல் நோயே. இதில் ஏறினாலோ அஃது எலும்பைத் தின்னும் நோய். ஆங்கில நாட்டில் குளிர்காலத்துப் பனிக்கட்டி உருகும்பொருட்டுச் சாலைகளில் உப்பை இடுகின்றனர். அவ்வுப்புநீர், கதவுகளின் கீழே நீண்டு செல்லும் உட்கூடான அடிவிட்டங்களிலும், பின்சக்கர வளைவுகளிலும் புகுந்து தங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும். விற்போர் சிலர் ஓட்டைகளைப் பட்டியால் அடைத்து மேலே வர்ணம் பூசிவிடுவர். அவ்விடங்களில் காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்தால், அஃது ஒட்டாமையே உண்மையை உரைத்துவிடும். ஆனால் கதவுகளிலும், முன்மூடி பின்மூடிகளிலும் காந்தம் ஒட்டாதது கண்டு அஞ்சவேண்டா. அவை அலுமினியத்தால் ஆனவை.

துருவுக்கு அடுத்தது பிரேக்கு. பிரெஞ்சுக் கம்பெனியாகிய சிட்ரோயெனிடம் உரிமை பெற்று, அழுத்தமிக்க திரவத்தால் இயங்கும் அமைப்பொன்றை இதில் வைத்தனர். இயந்திரத்தால் ஓடும் இரண்டு பம்புகள், நைட்ரஜன் வாயு அடைத்த எஃகு உருண்டைகளில் திரவத்தைச் செலுத்தி, சதுர அங்குலத்துக்கு 2,000 இராத்தலுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நிறுத்தி வைக்கின்றன. நான்கு சக்கரங்களின் பிரேக்குகளுக்கு வலுவளிப்பதும், வண்டியின் உயரத்தைச் சமன்செய்வதும் இத்திரவமே. இது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. காலத்தில் மாற்றாவிடில் உலோகக் குழாய்கள் உட்புறமாகத் துருவேறும். இரப்பர்க் குழாய்கள் உட்புறம் வீங்கி அடைபடும். மிதித்த பிரேக்கு விடாமற் பிடிப்பதும், தேவையானபோது பிடியாமற் போவதும் இதனால் நேர்வனவே. ஆதலின், ‘பத்தாண்டுகளாக ஓட்டவே இல்லை’ என்று விற்போர் பெருமை பேசுவது, உண்மையில் அவ்வண்டியின் பெருங்குறையைக் கூறுவதாகும்.

இயந்திரத்தைப் பற்றி மிகுதியாகக் கவலைகொள்ள வேண்டுவதில்லை. முதலில் 6,230 கன சென்டிமீட்டரும், 1970 முதல் 6,750 கன சென்டிமீட்டரும் கொள்ளளவுடைய அவ்வெட்டுச் சிலிண்டர் இயந்திரம் நீண்ட ஆயுளுடையது; குளிர்விக்கும் நீரைக் கவனியாது விட்டால் மட்டுமே அதன் அலுமினியம் அரிபடும். வால்நட் மரப்பலகையும் தோலாசனமுமோ, கண்ணைக் கவர்ந்து கைப்பொருளைப் பறிப்பவை. அவற்றைக் கடைசியிற் பார்த்தாற் போதும்.

இவ்விஷயத்தில் சட்டமும் ஒருவகையில் வாங்குவோரைத் தனியே விட்டுவிடுகின்றது. நாற்பது ஆண்டுகளைக் கடந்து, பெரும் மாறுதல் செய்யப்படாத வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடைபெறும் கட்டாயச் சோதனை வேண்டுவதில்லை என்று பிரிட்டனில் 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் விதித்தனர். ஸில்வர் ஷாடோ வண்டிகள் யாவும் இப்போது அவ்வயதைக் கடந்தவை. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வாகனம், பிறர் எவரும் அடிப்புறத்தைப் பாராமலே சாலைக்கு வரக்கூடும். வண்டியைப் பழுதின்றி வைக்கும் கடமை உடையவர்மேலேயே நிற்கின்றது. அவர் தாமே விரும்பிச் சோதனைக்கு விடத் தடையில்லை. விடுவதே தக்கது என்போம்.

இரட்டிப்பு விலையாயினும், இடைவிடாது ஓடியதும், செப்பனிட்ட இரசீதுகள் உள்ளதுமான வண்டியை வாங்குவதே இறுதியிற் செலவு குறைந்த வழி என்பது நம் கருத்து. அவ்வாறன்றிக் கொட்டகை வண்டியையே வாங்குவேன் என்பார், பற்றவைப்பில் வல்லார் ஒருவரை உடனழைத்துச் சென்று, வண்டியை உயர்த்தி நிறுத்தி, பகல் வெளிச்சத்தில் ஒருமணி நேரமேனும் அதன் அடிப்புறத்தைப் பார்த்த பின்னரே விலை பேசுக.